ஏழாவது படத்தில் ஒரு கை

அன்றைக்குக் கடையில் இருந்தவர்கள் ஐந்து பேர். கடை முதலாளி பாய். மாடம்பாக்கத்திலிருந்து வந்திருந்த மேஜிக் மாஸ்டர். அவர் மனைவி கஸ்தூரி அக்கா. மகளின் பயோடேட்டாவை டைப் செய்துகொள்ள வந்து, தன் முறைக்காக நாற்காலியில் காத்திருந்த ரயில்வே சார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஐந்தாவது ஆள் நான். வேறு யாரும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு இதை அரைகுறையாகக் கேள்விப்பட்ட எத்தனையோ பேர், "நானும் அப்ப அங்கதானே இருந்தேன்" என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். யாரும் இல்லை.

என் முன்னால் உட்கார்ந்திருக்கும் நீங்கள் இப்போது போனில் ஆடுகிற, கண்ணடிக்கிற, பூத்தூவுகிற குட்டிப் படங்களைச் செய்கிறீர்கள். நான் செய்ததும் அதே வேலைதான். இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில் கிழக்குத் தாம்பரத்தில் பாயின் கடையில் இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரே ஒரு டெலிபோன் லைன். நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். மெனுவில் எழுதியிருக்கும் இங்கிலீஷைப் படித்துப் புரிந்துகொண்டு வேலை கற்றவள் இல்லை. எதை அழுத்தினால் என்ன ஆகிறது என்று பார்த்துப் பார்த்துக் கற்றவள். அதனால் எதை அழுத்தினாலும் எனக்குள் ஒரு பயம் இருக்கும். பாய் இதைக் கிண்டல் செய்வார். "செல்வி, பட்டனைத்தான் அமுக்கறே, பாம்பை இல்ல."

அப்போது ஜனங்களுக்குச் சொந்தமாக ஒரு வெப் பக்கம் வைத்துக்கொள்ளும் ஆசை வந்திருந்தது. இலவசமாகக் கொஞ்சம் இடம் கிடைக்கும். அதில் பேர், போட்டோ, இரண்டு வரி அறிமுகம். அதோடு ஏதாவது ஒன்று அசைய வேண்டும். சுற்றுகிற பூமி உருண்டை, எரிகிற குத்துவிளக்கு, திறந்து மூடுகிற தபால் பெட்டி. அசையாத பக்கத்தை யாரும் பக்கமாகவே மதிக்கவில்லை. அந்த அசைகிற படத்துக்கு ஜிஃப் என்று பேர் என்பது உங்களுக்குத் தெரியும். பத்துப் பன்னிரண்டு தனித்தனிப் படங்களை வரிசையாக அடுக்கி, சீட்டுக்கட்டைப் புரட்டுகிற மாதிரி ஓடவிடுவது. செய்வது ஒரு வேலை என்றால், இலவச இடத்துக்குள் அடங்குகிற மாதிரி அதைச் சுருக்குவது இன்னொரு வேலை.

மாஸ்டரை தாம்பரத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். பிறந்தநாள் விழா, கம்பெனிகளின் குடும்ப நாள், பள்ளி ஆண்டு விழா என்று எங்கே கூப்பிட்டாலும் போவார். சிவப்புக் கோட்டும் கூலிங் கிளாசுமாக பஸ்ஸில் ஏறுவார். அவர் செய்கிற வித்தைகளில் பெரும்பாலானவை எல்லா மேஜிக்காரர்களும் செய்கிறவைதான். ஒன்று மட்டும் அவருடையது. காலி எவர்சில்வர் டம்ளரை வலது கையில் உயரத் தூக்கிக் கவிழ்த்துக் காட்டுவார். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விழாது. அந்த டம்ளரை இடது உள்ளங்கைமேல் கவிழ்த்து எடுத்தால், கையிலிருந்து மல்லிகைச் சரம் முழம் முழமாக வரும். வந்துகொண்டே இருக்கும். முன்வரிசைப் பெண்களுக்குக் கிள்ளிக் கொடுப்பார். வாசனையான நிஜப் பூ.

அவருக்கு அந்த வாரம் ஒரு வாய்ப்பு வந்திருந்தது. துபாயில் ஓட்டல்களுக்கு ஆட்களை ஏற்பாடு செய்து தருகிற ஒரு ஏஜென்ட், மூன்று மாதத்துக்குப் புருஷன் பெண்டாட்டி இருவரையும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். ஆனால் இன்னொரு ஜோடியும் போட்டியில் இருந்தது. "உங்கள் வெப் பக்கத்தின் முகவரியை அனுப்புங்கள். அதைப் பார்த்துவிட்டு வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பேசுகிறேன்" என்று ஏஜென்ட் மெயில் போட்டிருந்தார். மாஸ்டர் வீட்டில் போன் கிடையாது. கடை நம்பரைத்தான் கொடுத்திருந்தார். பாஸ்போர்ட் எடுத்துப் பல வருடம் ஆகியும் அதில் ஒரு முத்திரைகூட விழவில்லை. அதை பாலிதீன் கவரில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் வந்தார், என்னமோ அன்றைக்கே விமானம் ஏறப்போகிற மாதிரி.

பொழிச்சலூரில் ஒரு பள்ளி ஆண்டு விழாவில் எடுத்த வீடியோ கேசட்டை முன்பே கொடுத்திருந்தார். அதிலிருந்து டம்ளர் வித்தையை எடுத்துப் பன்னிரண்டு படங்களாகப் பிரித்து, நான் ஜிஃப் செய்து வைத்திருந்தேன். எனக்கு இருந்த கவலைகளைச் சொன்னால் சிரிப்பீர்கள். கோட்டின் சிவப்பு ரோஸாக ஆகிவிட்டதோ. மாஸ்டர் பேரின் ஸ்பெல்லிங் சரிதானோ. கடைசிப் படத்திலிருந்து முதல் படத்துக்குத் திரும்பும்போது தூக்கிப் போடுகிறதோ. ராத்திரி வீட்டுக்குப் போயும் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை காலையில் வந்து எல்லாவற்றையும் இன்னொரு முறை சரிபார்த்து, பக்கத்தை ஏற்றிவிட்டு, முகவரியை ஏஜென்ட்டுக்கு அனுப்பியும் விட்டேன். என் கம்ப்யூட்டரில் அது அருமையாக ஓடியது. டம்ளர் மேலே போகும், கீழே வரும், பூ வரும். எத்தனை முறை பார்த்தாலும் பூ எங்கிருந்து வருகிறது என்று எனக்கே தெரியவில்லை. படங்களைத் தனித்தனியாகப் பிரித்தபோதும் என் கண் கோட்டின் நிறத்திலும் டம்ளரிலும்தான் இருந்தது.

சாயங்காலம் நாலு மணி வாக்கில் மாஸ்டரும் கஸ்தூரி அக்காவும் வந்தார்கள்.

"இன்னாம்மா, நம்ம படம் ஓடுதா?"

"ஓடுது மாஸ்டர். பாருங்க."

"உன் பெட்டியில ஓடறது வேணாம். நெட்ல காட்டு. துபாய்க்காரன் பார்க்கற மாதிரி நானும் பார்க்கணும்."

நியாயமான ஆசை. அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை. பக்கத்தில் இருந்த இன்னொரு கம்ப்யூட்டரில் லைனைப் போட்டேன். மோடம் கீச்சுக்கீச்சென்று கத்தி அடங்கியது. முகவரியை அடித்தேன். முதலில் பேர் வந்தது. பிறகு கோடு கோடாக முதல் படம். மாஸ்டர் நிற்கிறார், பக்கத்தில் பட்டுப்புடவையில் கஸ்தூரி அக்கா தாம்பாளம் ஏந்தி நிற்கிறார்.

படம் அப்படியே நின்றது. பிறகு இரண்டாவது படம் வந்து நின்றது. பிறகு மூன்றாவது.

என்ன நடக்கிறது என்று எனக்குப் புரிந்தது. என் கம்ப்யூட்டரில் பன்னிரண்டு படமும் உள்ளேயே இருந்தன, சரசரவென்று ஓடின. இங்கே ஒவ்வொரு படமும் டெலிபோன் கம்பி வழியாக வந்து சேர வேண்டும். வந்தது நிற்கும், அடுத்தது வரும்வரை. எல்லாம் வந்து சேர்ந்த பிறகுதான் வேகம் பிடிக்கும். நான் ஆசைப்பட்டுப் பெரிதாகச் செய்த படம். ஒவ்வொன்றும் கனம்.

ஏழாவது படம் வந்தது. மாஸ்டரின் வலது கை உச்சியில் டம்ளரோடு. அது நின்றது. மேடையில் அந்தக் கை ஒரு கணம்தான் மேலே இருக்கும், எல்லார் கண்ணும் அதோடு போய்விடும். இங்கே அது நின்றுகொண்டே இருந்தது. நின்றுகொண்டே இருந்தால் கண் சும்மா இருக்காது. கீழே இறங்கும். தாம்பாளத்தின் அடியிலிருந்து கஸ்தூரி அக்காவின் விரல்கள் நீண்டிருந்தன. விரல்களில் பந்தாகச் சுருட்டிய மல்லிகை. அது மாஸ்டரின் இடது கைக்குள் போய்க்கொண்டிருந்தது. சிவப்புக் கோட்டுக்கு முன்னால் வெள்ளை வெளேரென்று.

எங்களுக்குப் பின்னால் நாற்காலியிலிருந்து குரல் வந்தது.

"அடடே! அந்தம்மா கையிலேர்ந்துதான் வருதா பூ?" ரயில்வே சார் எழுந்தே விட்டார். "எங்க பேரன் ஸ்கூல்ல பார்த்தேன் சார் உங்களை. இத்தனை நாளா டம்ளர்லதான் ஏதோ இருக்குன்னு நினைச்சிட்டிருந்தேன்!"

அவர் சந்தோஷமாகத்தான் சொன்னார். ஒரு புதிருக்கு விடை கிடைத்த சந்தோஷம். மாஸ்டர் முகம் செத்துவிட்டது. கஸ்தூரி அக்கா தன் கையைப் புடவைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டார். அந்தப் படத்தில் இருந்த கையை அப்படி மறைக்க முடிகிற மாதிரி.

பாய் லைனைத் துண்டித்தார். "போன் வர நேரம்" என்றார். மணி நாலரை ஆகியிருக்கும்.

"சார், வெளியே சொல்லிடாதீங்க" என்று நான் ரயில்வே சாரைக் கெஞ்சினேன்.

"சேச்சே. நான் ஏம்மா சொல்றேன்? நெட்ல போட்டது நீங்கதானே?"

நான் என் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மாஸ்டர் ஸ்டூலில் உட்கார்ந்தார். "எடுத்துரு. அந்த ஒரு படத்தை மட்டும் உருவிடு."

என் கம்ப்யூட்டரில் ஏழாவதை உருவிப் பார்த்தேன். ஆறு முடிந்து எட்டு வந்தது. காலியாக இருந்த கை சட்டென்று மூடியிருந்தது, அடுத்ததிலேயே பூ. ரயில்வே சார், கேட்காமலேயே, "இது கம்ப்யூட்டர்ல வெட்டி ஒட்டின மாதிரி இருக்கே" என்றார். எரிச்சலாக இருந்தது. ஆனால் அவர் சொன்னது சரி.

"மாஸ்டர், அக்கா கையைப் பிரஷ்ஷால அழிச்சுடறேன். தாம்பாளம் கலரை அடிச்சா தெரியாது."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அப்பால நான் இன்னாத்துக்கும்மா? கம்ப்யூட்டரே பூ எடுத்துக் குடுக்கட்டும். நாளைக்கு ஓட்டல்ல நின்னுகினு செய்யச் சொன்னா, பிரஷ்ஷையா எடுத்துகினு போவேன்?"

கஸ்தூரி அக்கா கிட்டே வந்தார். "இந்தப் படம் இன்னாத்துக்கு இம்மாம் மெதுவா வருது?" என்று கேட்டார்.

"பெருசா இருக்குக்கா. கனமா இருக்கு."

"சின்னதா இருந்தா?"

"சீக்கிரம் வந்துரும்."

அவர் விடை தெரிந்து கேட்டார் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் பயத்தில் கேட்டார். பதில் சொல்லும்போதுதான் எனக்கும் உறைத்தது. மேடையில் அந்தக் கையை மறைத்தது தாம்பாளம் இல்லை, வேகம். நான் அந்த வேகத்தைப் பறித்துவிட்டேன். அதைத் திருப்பிக் கொடுத்தால் போதும். எதையும் அழிக்க வேண்டாம், வெட்ட வேண்டாம்.

படத்தைச் சுருக்கினேன். பாதியாக்கினேன், போதவில்லை என்று பட்டது. இன்னும் பாதி. நிறங்களைக் குறைத்தேன். மாஸ்டர் எட்டிப் பார்த்தார்.

"யம்மா, நான் ஆளா, தபால் ஸ்டாம்பா?"

"ஸ்டாம்ப் ஒட்டினாதான் மாஸ்டர் துபாய்க்குப் போய்ச் சேரும்" என்றார் பாய். யாரும் சிரிக்கவில்லை, பாய் உட்பட.

சின்னப் படம் தயாரானபோது ஐந்துக்குச் சில நிமிடங்கள்தான் பாக்கி. இப்போதுதான் உண்மையான சிக்கல். வெப் பக்கத்தில் தொங்குகிற பெரிய படத்தை எடுத்துவிட்டு இதை வைக்க நெட் போட வேண்டும். நெட் போட்டால் போன் எங்கேஜ்டு. ஐந்து மணிக்கு ஏஜென்ட் கூப்பிடுவார். பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கூப்பிடுவதாகத்தான் சொல்லியிருக்கிறார். அப்படியென்றால் இந்த நிமிடம் அவர் பார்த்துக்கொண்டிருக்கலாம். அல்லது இனிமேல்தான் பார்க்கப்போகிறார். அல்லது மத்தியானமே பார்த்து முடித்திருக்கலாம்.

"போன் பேசட்டும். அப்புறம் மாத்திக்கலாம்" என்றார் பாய். "பார்க்கறதா இருந்தா இந்நேரம் பார்த்திருப்பார் செல்வி."

"பார்த்தா பார்த்துட்டுப் போறான்" என்றார் மாஸ்டர். "ஏஜென்ட் தானே. ஊர் ஊரா போய்ச் சொல்லுவானா? மூணு மாசம்மா. பிளைட்டு டிக்கெட்டு. போன் வரட்டும்."

நான் கஸ்தூரி அக்காவைப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று தெரியாது. படத்தில் இருந்தது அவர் கை என்பதாலோ என்னவோ.

"துபாய் மூணு மாசம்" என்றார் அவர். "அப்பால இங்கதானே வந்து நிக்கணும்? அந்தப் பக்கத்தை இங்க கீறவன் எவனும் பார்க்க மாட்டானா? இவருக்கு வேற வித்தை இல்லம்மா. இது ஒண்ணுதான்."

"ஏய், கம்முனு இரு" என்றார் மாஸ்டர். ஆனால் அந்தக் குரலில் பலம் இல்லை.

என் வாழ்க்கையில் நான் எதையும் தயங்காமல் அழுத்தியதில்லை. அன்றைக்கும் தயங்கினேன். நெட் போடுவதற்குள் போன் வந்துவிட்டால் என் பயம் எல்லாம் வீண். நெட் போட்டு, அதனால் வராவிட்டால், அதற்கு நான்தான் காரணம். பக்கத்தை விட்டுவைத்தால், யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது; முடிவு அவர்களுடையது என்று ஆகிவிடும். அந்த வசதிதான் எனக்கு உறுத்தியது. பெரிதாகச் செய்தது நான். வெளியே போட்டது நான். என்னைக் காப்பாற்றிக்கொள்கிற வழியை அவர்களுக்கு நல்ல வழி என்று நினைத்துக்கொள்ளப் பார்க்கிறேன் என்று தெரிந்தது.

"பாய், நெட் போடறேன்" என்றேன்.

பாய் கடிகாரத்தைப் பார்த்தார். மாஸ்டர் எழுந்து வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

முதல் தடவை லைன் கிடைக்கவில்லை. இரண்டாவது தடவை கிடைத்து, பெரிய படத்தை அழித்தேன். சின்னது பாதி ஏறும்போது லைன் விழுந்துவிட்டது. நான் பாயைப் பார்க்காமல் மறுபடியும் போட்டேன். ஏறி முடிந்தது. திறந்து பார்த்தேன். பன்னிரண்டு படமும் படபடவென்று வந்தன. டம்ளர் மேலே போனது, பூ வந்தது. ரயில்வே சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்தார். "இப்போ தெரியலைம்மா. தெரிஞ்சவனுக்கே தெரியலை" என்றார்.

லைனைத் துண்டித்தபோது ஐந்தேகால் தாண்டிவிட்டது.

உட்கார்ந்திருந்தோம். ரயில்வே சார் மகளின் பயோடேட்டாவை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னாரே தவிர கிளம்பவில்லை. பாய் எல்லாருக்கும் டீ வரவழைத்தார். ஒரு தடவை மணி அடித்தது. மாஸ்டர் பாய்ந்து எடுத்தார். விசிட்டிங் கார்டு அடிக்க எவ்வளவு ஆகும் என்று யாரோ கேட்டார்கள். மாஸ்டர் பொறுமையாக, "கொஞ்சம் இருங்க, கடைக்காரர்கிட்ட தரேன்" என்று ரிசீவரை பாயிடம் கொடுத்தார். கடை மூடும்வரை வேறு போன் வரவில்லை.

சில நாள் கழித்து மெயில் வந்தது. நான்தான் படித்துச் சொன்னேன், எழுத்துக் கூட்டி. அன்று மாலை பலமுறை முயன்றும் லைன் கிடைக்கவில்லை, அன்றைக்கே முடிவு செய்ய வேண்டியிருந்ததால் மற்ற ஜோடியை எடுத்துக்கொண்டோம், அடுத்த முறை பார்க்கலாம். கடைசியில் ஒரு வரி: உங்கள் படம் நன்றாக இருந்தது.

எந்தப் படம்? பெரியதா, சின்னதா? அவர் பார்த்தது எது, எவ்வளவு வேகத்தில், ஏழாவதில் கண் எங்கே போனது, ஒன்றும் தெரியாது. இன்றுவரை தெரியாது. மத்தியானமே வேகமான லைனில் பார்த்து முடித்திருந்தால், நான் அவர்களுடைய துபாயை ஒன்றுமில்லாததற்காகக் கெடுத்துவிட்டேன் என்றுதான் அர்த்தம். அதை நினைத்து நான் படாத பாடு பட்டேன்.

மாஸ்டர் மெயிலைக் கேட்டுவிட்டு, "பேஜார் புட்ச்ச போன்" என்று மட்டும் சொன்னார். கஸ்தூரி அக்கா, "போன் போச்சு. கை கீதில்ல?" என்றார். அடுத்த மாதமே மேடவாக்கம் பக்கம் ஒரு கல்யாண வரவேற்பில் அதே டம்ளர், அதே பூ. நானும் போயிருந்தேன். தெரிந்துகொண்டு பார்த்தும் என் கண் டம்ளரோடு மேலேதான் போனது. சாப்பாட்டுப் பந்தியில் ரயில்வே சாரும் இருந்தார். பக்கத்து இலைக்காரர், "அந்தப் பூ எங்கேர்ந்துதான் வருதோ" என்று கேட்டார். ரயில்வே சார், "டம்ளர்லதான் ஏதோ இருக்கு" என்றார். சாம்பாரை ஊற்றச் சொல்லி இலையைக் காட்டினார்.

இதை உங்களிடம் சொல்வதற்குக் காரணம், நீங்கள் எல்லாரும் உங்கள் வேலையை உங்கள் மெஷினில் மட்டும் பார்க்கிறீர்கள். லைன் இப்போது வேகம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு பழைய போனில், சிக்னல் இல்லாத இடத்தில், வேறு வேலையாக வந்த ஒருவரைப் பின்னால் நிற்க வைத்துத் திறந்து பாருங்கள். நீங்கள் காட்ட நினைத்ததைத்தான் நீங்கள் பார்ப்பீர்கள். அவரோ, வந்து சேர்ந்ததைத்தான் பார்ப்பார். இன்னொன்று, யாராவது தன் பிழைப்பையே கொண்டுவந்து உங்கள் முன் வைத்தால், எதைக் காட்ட வேண்டும் என்று கேட்பதற்கு முன்னால் எது தெரியக் கூடாது என்று கேளுங்கள். நான் கேட்டிருந்தால் கஸ்தூரி அக்கா அப்போதே சொல்லியிருப்பார். அவரிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. தாம்பாளம் பிடிப்பவர் என்றே நினைத்திருந்தோம்.

கவலைப்படுகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்களில் இரண்டு பேர் அப்படி இருப்பது எனக்குத் தெரியும். கோட்டின் நிறத்தைப் பற்றிக் கவலைப்படும்போது பெரிய வேலை செய்வது போல இருக்கும். அன்று நான் பட்ட கவலைகளில் ஒன்றுகூட நடக்கவில்லை. நடந்ததைப் பற்றி நான் கவலைப்பட்டிருக்கவில்லை. அதனால் கவலையை விட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை, என்னாலேயே முடியவில்லை. நடுங்குகிற கையாலும் அழுத்தலாம் என்று மட்டும் சொல்கிறேன்.

மாஸ்டரை அதற்குப் பிறகும் தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் அவ்வப்போது பார்ப்பேன். முடி வெளுத்துவிட்டது, கோட்டு அதே சிவப்பு. பக்கம் செய்ததற்கான கூலியில் முன்பணம் போக மிச்சத்தை துபாய் போய் வந்ததும் தருவதாகப் பேச்சு. பார்க்கும்போதெல்லாம் அவரே ஆரம்பிப்பார். "உன் காசு ஞாபகம் கீதும்மா. துபாய் போய்ட்டு வந்ததும் மொத வேலை அதான்." ஒருமுறை, "விடுங்க மாஸ்டர், அதெல்லாம் வேண்டாம்" என்று சொல்ல வாயெடுத்தேன். பக்கத்தில் நின்ற கஸ்தூரி அக்கா, அவருக்குத் தெரியாமல், கண்ணால் வேண்டாம் என்றார். புரிந்துகொண்டேன். அந்தக் கடனைத் தள்ளிவிட்டால், துபாயையும் தள்ளிவிட்டேன் என்று ஆகிவிடும். அதிலிருந்து நானே முந்திக்கொண்டு கேட்கிறேன். "இன்னா மாஸ்டர், எப்பதான் தரப்போறீங்க?" என்பேன். அவர் முகம் மலர்ந்துவிடும். போன மாதம்கூடக் கேட்டேன். பாக்கி இருநூற்றைம்பது ரூபாய்.